ராட்லர் மேட்டுத் தீர்ப்பு

ராட்லர் மேடு, கலிபோர்னியா
மே 12

அன்புள்ள டோரீனுக்கு,

நீயும் நம் மகள் மேவிஸும் சுகம்தானே? நான் சனி, ஞாயிறு மட்டும் செத்துக்கொண்டிருக்கிறேன். பழைய தங்கச் சுரங்க முகாமைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாடகம் போடும் வேலை. எனக்குக் குதிரைத் திருடன் வேடம். என்னைச் சேற்றில் இழுத்துவந்து ஓக் மரத்தடியில் கண்ணைக் கட்டி நிறுத்துவார்கள். நீதிபதியாக வரும் வெர்ஜில் கிழவன், "இங்க ஜெயிலும் கிடையாது, கைதிக்குப் போட ரொட்டியும் கிடையாது. சவுக்கடியா, ஊரை விட்டுத் துரத்துறதா, கயிறா? கையைத் தூக்குங்க!" என்பான். அந்தக் காலத்திலும் கூட்டத்தின் கைதான் தீர்ப்பாம். துரத்தப்பட்டவன் பொழுது சாய்வதற்குள் போய்விட வேண்டும். திரும்பி வந்தால் சுட்டுவிடுவார்கள். ஆனால் துரத்த இதுவரை ஒரு கைகூட எழுந்ததில்லை. ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே எல்லோரும் கயிற்றுக்குத்தான் தூக்குகிறார்கள்.

குடியை விட்டு ஏழு மாதமாகிறது. நான் பழைய ராய்ஸ் இல்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வந்துவிடேன், இரண்டு பேரும்.

உன் ராய்ஸ்


ஸ்டாக்டன்
மே 20

ராய்ஸுக்கு,

மேவிஸ் நன்றாக இருக்கிறாள். கதவு படாரென்று சாத்தினால் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறாள், அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, என் வலது முழங்கை மட்டும் இல்லை. மண்வெட்டிக் காம்பால் நீ அடித்த மூன்றாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. அதற்கப்புறமும் இரண்டு அடி போட்டாய். அன்று நீ குடித்திருக்கவே இல்லை. உள்ளே தகடு வைத்தும் கை நீளவில்லை, பாதி மடங்கியே நிற்கிறது. மேவிஸுக்கு இடது கையால்தான் தலை வாருகிறேன்.

போனில் கெஞ்சினால் இளகிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் ஒருநாள் அங்கே வந்து உன்னை என் கண்ணால் பார்க்கிறேன். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று அதற்கப்புறம் சொல்கிறேன்.

டோரீன்


ராட்லர் மேடு
ஜூன் 9

என் கண்ணே டோரீன்,

ஏன் இன்னும் வரவில்லை? காத்துக் காத்துக் கண் பூத்துப்போயிற்று.

நேற்று சின்னத் தகராறு. கண்ணைக் கட்டுவதற்கு முன், சேற்றில் வெர்ஜில் இழுத்த இழுப்பில் கயிறு கழுத்தை அறுத்துவிட்டது. சுருக்கென்று கோபம் வந்து ஒன்று போட்டேன். சரி, நாலைந்து. ஒரு பல் விழுந்துவிட்டது. "அடப்பாவி, இது நாடகம்டா!" என்று காதோரம் முனகினான். கூட்டம் நடிப்பென்று நினைத்துக் கைதட்டியதால் தப்பித்தேன். மன்னிப்புக் கேட்டாயிற்று.

ஆனால் கேள், நேற்று முதல்முறையாகத் துரத்துவதற்கு ஒரு கை எழுந்ததாம், அதுவும் பாதிதான். "உன் மேலயும் யாரோ இரக்கப்பட்டிருக்காங்கடா" என்றான் வெர்ஜில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகம் தெரியாதவருக்கு இருக்கிற இரக்கம் உனக்கு இல்லையா?

உன் ராய்ஸ்


ஜூன் 14

ராய்ஸுக்கு,

அது இரக்கமில்லை. அது என் கை.

மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன். வெர்ஜில் மேல் பாயும் முன் நீ கீழுதட்டைக் கடித்தாயே, அப்போதே அடி விழப்போகிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷம் பார்த்த உதடு அது. "அடேயப்பா, என்ன நிஜமா அடிக்கிறான்!" என்று பக்கத்திலிருந்தவள் விசிலடித்தாள். கீழே விழுந்த கிழவனை நீ மிதித்ததை உன் கடிதத்தில் எழுதவில்லை.

எனக்கும் முதலில் கயிறுதான் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாயில் ரத்தத்தோடு அவர் "துரத்துறதுக்கு யாரு?" என்றதும் தூக்கிவிட்டேன். "முழுசா தூக்கும்மா, அரைக் கைய எப்படி எண்ணுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "இதுக்கு மேல போகாதுங்க" என்றேன். அந்தச் சிரிப்பில் என் குரல் உனக்குக் கேட்டிருக்காது.

அங்கே அந்தக் கை தோற்றது. இங்கே அதுதான் தீர்ப்பு.

மேலே முகவரி இல்லாததைப் பார்த்திருப்பாய். தேடாதே. துரத்தப்பட்டவன் திரும்பி வந்தால் என்ன செய்வார்கள் என்று நீதான் எழுதினாய். அண்ணன் தன் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறான். அதற்கு இடது கை போதும்.

டோரீன்