எந்தக் கியரிலும் கிளம்பும் கார்

மார்ச் 3, செவ்வாய்
எங்கள் பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு இன்று மறுபிறவி. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் தண்டைக் கழற்றிவிட்டு, தனியாக வரவழைத்த ஒன்றைத் தரையில் பொருத்தியிருக்கிறார் இவர். பளபளவென்று குரோம் பூச்சு. கல்யாண போட்டோவைக்கூட இவ்வளவு ஆசையாகத் துடைத்ததில்லை.

மார்ச் 5, வியாழன்
கியர் தண்டு வந்த பெட்டியில் ஒரு சின்ன சுவிட்ச் மிச்சம். கூட வந்த தாளைப் படித்தேன் (இந்த வீட்டில் படிக்கிற ஆள் நான்தானே). சக்கரத்துக்கு விசை போகாத பார்க்கிலோ நியூட்ரலிலோ கியர் இருந்தால்தான் வண்டியை ஸ்டார்ட் ஆக விடும். அது ஒன்றுதான் அதன் வேலை. ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன்.
"அதுக்குப் போற ரெண்டு கம்பியையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திட்டேன். சுவிட்சு முட்டாள்களுக்கும்மா."
மேதை சொன்னால் சரிதான். ஆனால் அதை மாட்டும்வரை குட்டி அந்த வண்டியில் ஏற மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வயது இரண்டு. நான் பயந்தாங்கொள்ளியாம்.

மார்ச் 8, ஞாயிறு
முட்டாள் யார் என்று தெரிந்துவிட்டது. கியர் டிரைவில் கிடப்பதைப் பார்க்காமல் சாவியைத் திருப்பியிருக்கிறார். ஒரே துள்ளல், சுவரில் போய் முட்டி நின்றது. நடுவில் குட்டியின் மூன்று சக்கர சைக்கிள். சைக்கிள் மட்டும். மூக்கைத் துடைக்க அவளை உள்ளே தூக்கி வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
மூக்கு ஒழுகலேன்னா? —
எழுத வரல.

மார்ச் 9
இவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவிட்சை நானே மாட்டுகிறேன் என்றேன். உனக்கு வயரிங் தெரியுமா என்றார், மெதுவாகத்தான்.
"மூணு வருஷம் இயற்பியல் படிச்சேன். ரெண்டு வருஷமா பால் புட்டி கழுவுறேன். எது கைகொடுக்குதுன்னு பாப்போம்."

மார்ச் 11
டேப்பைப் பிரித்து, சுவிட்சில் முனைக்கு ஒன்றாகக் கம்பிகளைச் சொருகினேன். இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியராகப் போட்டுச் சாவியைத் திருப்பினார். டிரைவில் அசையவில்லை. ரிவர்ஸில் ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது. பிரமாதம். இனி பின்பக்கமாக மட்டும் இடிப்போம்.

மார்ச் 12
சுவிட்சைத் தாங்கும் தகட்டை நூலளவு நகர்த்தினேன். பார்க், நியூட்ரல் இரண்டில் மட்டும் ஸ்டார்ட். மற்றதில் மூச்சே இல்லை. இவர் பத்து தடவை பார்த்தார். நான் இருபது.

மார்ச் 15, ஞாயிறு
இன்று பிரேக் குழாய் மாற்றினார். முடித்ததும் சாவியை எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.
"நீ ஒரு தடவை பாத்துடு. அப்புறம் குட்டிய ஏத்திக்கலாம்."
போய் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தேன். ஒரு நட்டு லேசாகத் தளர்ந்திருந்தது. சொன்னேன். முடுக்கினார்.