அந்திமணிக் கயிறு

மைனி,

இன்று வாசலில் கள் வாடை அடித்ததும் பழைய பயத்தில் போட்டது போட்டபடி ஓடினேன். எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரி ஆப்பமாவில் கள்ளை ஊற்றிப் பொங்க வைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரரோ, அதுதான் உங்கள் தம்பி, உள்ளே மகளுக்குத் தலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கே சிரிப்பு வந்தது. கூடவே உங்கள் ஞாபகமும் வந்தது.

அவர் குடித்த காலத்தில் நான் அழுதேன், சண்டை போட்டேன், வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் வாங்கினேன். அந்தி வந்தால் அத்தனை சத்தியமும் கள்ளுக்கடைக்குப் போய்விடும். தாலியறுந்து எங்களோடு இருக்க வந்த நீங்கள், "ஏட்டி, அவனை ஏசாத. கடைக்குப் போற நேரத்துக்கு அவனுக்கு வேற சோலி வேணும்" என்றீர்கள். கோயில் மணியடிக்கிற பெரியவருக்குக் கை விளங்காமல் போயிருந்த சமயம். குருவானவரிடம் நீங்களே போய்க் கேட்டு, அந்திமணிக் கயிற்றை உங்கள் தம்பி கையில் வாங்கிக் கொடுத்தீர்கள். "குடிகாரன் கையிலயா?" என்று ஊர் முணுமுணுத்தது. "அவன் கையிலதான் குடுக்கணும்" என்றீர்களாம். சரியான வாயாடி நீங்கள்!

அந்த மணியைக் கேட்டுத்தான் ஆற்றங்கரை வயலில் இருப்பவர்கள் கரையேறுவார்கள், வீடுகளில் ஜெபத்துக்கு உட்காருவார்கள். கள்ளுக்கடை நிரம்புகிற நேரமும் அதுதான். அவர் மணியடித்துவிட்டு வந்ததும் சுடச்சுடச் சோறு வைப்பீர்கள். வயிறு நிறைந்தால் கால் வெளியே போகாதாம்.

ஒருநாள் இருட்டியும் மணி கேட்கவில்லை. நானே ஓடிப்போய் அடித்துவிடலாமென்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தீர்கள்.

"நீ அடிச்சா இன்னைக்கு மானம் தப்பும். நாளைக்கு அவன் போவமாட்டான். பைய இரி."

உங்கள்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். வெகுநேரம் கழித்து மணி தாறுமாறாக அடித்தது. குடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவருக்கு, ஒன்றும் கேட்காமல் சோறு வைத்தீர்கள். மறுநாள் தெருவில் எல்லாரும், "என்ன அண்ணாச்சி, நேத்து மணி பிந்திட்டு? மேலுக்கு முடியலையா?" என்றுதான் கேட்டார்கள். ஒருத்தரும் ஏசவில்லை. அதன்பிறகு மணி பிந்தியதே இல்லை.

நீங்கள் கண்மூடியபோது சாவுமணி அடிக்க அவரே போனார். உள்ளதைச் சொல்கிறேன் மைனி, உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தும் என் நினைப்பு உங்களிடம் இல்லை. இந்தத் துக்கத்தில் நேரே கடைக்குப் போய்விடுவாரோ என்றே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்க நீங்களும் இல்லையே. மணி ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் அவருடைய செருமல் கேட்டது.

"அந்திமணிக்கு இன்னும் நேரமிருக்கு. அதுவரைக்கும் அக்கா பக்கத்துல இருக்கேன்" என்று தரையில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் மைனி, பயம் விட்டு, உங்களுக்காக வாய்விட்டு அழுதேன்.