பத்து வருடம் தாண்டிய குக்கர்

அன்பு மகள் லெனோராவுக்கு,

உன் அப்பா வெர்லின் எழுதுவது. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே, அம்மா எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாள், பேனாவைச் சுற்றி விரல் மடங்குவதில்லை, அதனால் இனிமேல் கடிதத்துக்கு நான்தான். அலாஸ்காவில் குளிர் கொஞ்சமாவது விட்டதா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே இண்டியானாவில் பனி உருகி வாசலெல்லாம் சேறு. நாங்கள் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகையால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன்.

குக்கர் கம்பெனிமேல் நாம் போட்ட வழக்கைப் போன வியாழக்கிழமை நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். போனில் சொன்னால் நீ அழுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் வக்கீல் ப்ரூயிட் அம்மா நல்ல பெண், உன் வயதுதான் இருக்கும், இரண்டு பெட்டி நிறையக் காகிதம் சேர்த்து வைத்திருந்தாள். நம் குக்கர் போலவே ஆவி அடங்காமல் மூடி திறந்து வெந்துபோனவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்களாம், அவர்கள் எழுதிய புகாரெல்லாம் கம்பெனியிடம் இருந்ததாம், அதற்கப்புறம் வந்த குக்கர்களில் மூடியின் பூட்டைச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள், பழையதை வாங்கியவர்களுக்கு ஒரு வரி எழுதிப்போடவில்லை. இவ்வளவு இருந்தும் நீதிபதி அந்தப் பெட்டிகளைத் திறக்கவே இல்லை. சாமான் கடையிலிருந்து வந்து பத்து வருடம் தாண்டிவிட்டால் செய்தவன்மேல் வழக்குப் போட முடியாது, இங்கே சட்டம் அப்படி. நம் மூடி பறந்தது பத்து வருடம் பத்து மாதத்தில். அம்மாவின் வலது கை வெந்துபோவதற்கு முன்னாலேயே வழக்குக்கான காலம் முடிந்துவிட்டதாம். இதை நான் மூன்று தடவை கேட்டேன், ப்ரூயிட் அம்மா மூன்று தடவையும் பொறுமையாக, "ஆமாங்க ஐயா, அப்படித்தான் எழுதியிருக்கு" என்றாள். மேல் கோர்ட்டிலும் இதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறார்களாம், போவதில் பயனில்லை என்றாள்.

குக்கர் வாங்கிய தேதி எப்படித் தெரிந்தது என்று நீ கேட்பாய். ரசீது கிடையாது, அடியில் பொறித்திருந்த எண்ணும் தேய்ந்துபோயிருந்தது. உன் அம்மா வாக்குமூலம் கொடுக்கப் போகுமுன் ப்ரூயிட் அம்மா, "நிச்சயமா ஞாபகம் இருந்தா மட்டும் தேதி சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னே சொல்லிடுங்க" என்றுதான் சொன்னாள். கம்பெனி வக்கீல் வெகு பணிவாக, "இந்தக் குக்கர் எப்போங்க வீட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டார். உன் அம்மா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "என் மக முதியோர் இல்லத்துல வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்துல கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தா" என்று வருடத்தோடு சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு, இந்த ஒன்றரை வருடத்தில் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான். ப்ரூயிட் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பும்போது காரில், மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாமே ஆர்லீன் என்று நான் கேட்டது தப்புதான், "மறக்கலையே வெர்லின்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மாவின் முடிவெட்டும் கடையை ஏப்ரலில் நம் ஊர் டெல்பர்ட்டின் மருமகளுக்கு விட்டுவிடுகிறோம். அம்மா கத்தரிக்கோலை இடது கையில் பழக்கிப் பார்த்தாள், பொறுமையாக உட்கார்ந்த ஒரே ஆள் நான்தான், என் காதோரத்தை நீ பார்த்தால் சிரிப்பாய். அதுகூடப் பரவாயில்லை. என்னால் பொறுக்க முடியாதது வேறு. ஊரில் எல்லோரும், ஆர்லீன் அவசரப்பட்டுத் திறந்திருப்பாள் என்று பேசுகிறார்கள். பக்கத்து வீட்டு வில்மாவிடம் அதே குக்கர் இருக்கிறது, அதை அடுப்பில் ஏற்றாதே என்று சொல்லப் போனேன், "எங்கிட்ட பதினோரு வருஷமா ஒண்ணும் ஆகலையே, அவளுக்குத்தான் எப்பவும் பரபரப்பு" என்றாள். மூடி பறந்த அன்று நான் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன் கண்ணு. பீன்ஸ் வெந்ததும் அடுப்பை அணைத்தாள், உள்ளே ஆவி இருப்பதைக் காட்டும் முள் கீழே இறங்கியது, அப்புறமும் இரண்டு நிமிஷம் போகட்டும் என்று துண்டை மடித்துக்கொண்டு நின்றாள், அதற்குப் பிறகுதான் மூடியில் கை வைத்தாள். இதை நான் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்ல இருந்தேன், கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. தப்பு யார்மேல் என்று இனி ஒருவரும் சொல்லப்போவதில்லை. அதனால் உன் அம்மா தானே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கும்போது, "நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல வெர்லின்" என்றாள். இல்லை, நான் பார்த்தேன் என்றேன். "நீ பேப்பர் படிச்சிட்டு இருந்த" என்றாள். நேற்று இன்னும் ஒரு படி போய், "லெனோராவுக்கு எழுதும்போது தப்பு என்னோடதுன்னு எழுதிடு, இல்லேன்னா தான் வாங்கிக் குடுத்ததாலதான்னு புள்ள காலம் பூரா வருத்தப்படும்" என்று சொல்லிவிட்டாள். சரி எழுதுகிறேன் என்று தலையாட்டினேன்.

நான் எழுதவில்லை. உன் தப்பும் இல்லை, அவள் தப்பும் இல்லை. போனில் பேசும்போது நீயும் இதை அவளிடம் சொல்லு, நம்பமாட்டாள், இருந்தாலும் சொல்லு. கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் வீட்டு ஹீட்டர் பழையது என்றாயே, அதை இந்த வாரமே மாற்றச் சொல். கடிதத்தை முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னபடியே எழுதியிருப்பதாகப் படித்துவிடுவேன்.

உன் அப்பா,
வெர்லின்