நூலகத்திலிருந்து எடுத்த புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே. நாங்கள் நலம்.

சாலைச் சட்டம் மாறியதால் லாரி ஓட்டுநர்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் மறுதேர்வு என்று எழுதியிருந்தேன் அல்லவா? அப்பா மூன்றாவது முறையும் தவறிவிட்டார். இனி எழுத முடியாது. உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள்.

பயப்படாதே, சிரித்துக்கொண்டுதான் வந்தார். "இருபது வருஷமா ஒரு பூனையக்கூட இடிச்சதில்ல. கம்ப்யூட்டர் என்னை இடிச்சிட்டுப் போயிடுச்சு," என்றார். கம்பெனியில் லாரி கழுவச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நூலகப் புத்தகத்தை வைத்து நான்தான் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். பள்ளிக்கூடத்தின் முன் வேகம் முப்பது என்று நூறு தடவை சொல்ல வைத்தேன். அவர் தவறியபோதெல்லாம் அதையே இன்னும் கண்டிப்பாகப் படிக்க வைத்தேன். இன்று திருப்பிக் கொடுக்கும்போதுதான் அச்சான வருடத்தைப் பார்த்தேன். அது பழைய சட்டம், அம்மா. இப்போது இருபதுதான். நான் சொல்லிக்கொடுத்ததை அப்பா ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறார்.

"என் மண்டையில ஏறலம்மா. பாவம், நீதான் தொண்டை வத்தக் கத்துன," என்று என்னையே தேற்றுகிறார். புத்தகத்தின் வருடத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் அப்பாவின் பழைய கைலி இரண்டைக் கொடுத்தனுப்பு. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்க வேண்டுமாம். எனக்கு ஒன்றும் வேண்டாம். நீ கட்டிய சேலை ஒன்று இருந்தால் வை, போர்த்திக்கொள்கிறேன்.

அப்பா படியேறி வருகிறார். போனில் பேசும்போது, அவர் மண்டையில் ஒரு குறையும் இல்லை என்று மட்டும் சொல். நீ சொன்னால் நம்புவார்.

உன் மகள்