இரண்டு புத்தகங்களும் கிளாரன்ஸ் அங்கிள் சொன்னதும்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
ஜூலை 11, சனிக்கிழமை

அன்புள்ள ரூபினிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே என் நடமாட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே வெலிங்டன் குளிரில் நீ சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் எதையாவது சொல்ல வாயெடுத்தால் உன் முகத்தைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேசப் போய்விடுகிறேன். அதனால் பேப்பரில் எழுதி, மாடி வீட்டு ஷில்பாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லப் போகிறேன். அவளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான் படிக்க வரும், ஆகவே தாராளமாக எழுதலாம்.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய இரண்டு புத்தகங்களையும் முடித்துவிட்டேன். முதலில் நாவல். வீட்டுப் பாகத்துக்காக இருபது வருஷம் பேசாமல் இருந்த அக்கா தங்கை கதை. நல்ல எழுத்துதான், தங்கை தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, அக்கா வீட்டுக் கொடியில் என்னென்ன துணி காய்கிறது என்று பார்த்தே அங்கே யாருக்கு உடம்பு சரியில்லை, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிற இடத்தை மூன்று தடவை படித்தேன். கோபமாக இருக்கிறவர்கள்தான் அப்படி உற்றுப் பார்ப்பார்கள். ஆனால் எழுதியவருக்கு நம் ஊர் தெரியாது போலிருக்கிறது, தங்கை சிவாஜிநகரில் பஸ் ஏறி அரை மணியில் சந்தாபுராவில் இறங்கிவிடுகிறாள், சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டவே அவ்வளவு நேரம் ஆகுமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முடிவும் எனக்கு ஒப்பவில்லை. அக்கா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் தங்கை ஓடி வருகிறாள், கட்டிக்கொண்டு அழுகிறார்கள், இரண்டே பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அத்தனை வருஷம் பேசிய பேச்செல்லாம் எங்கே போயிற்று? ஒருத்தியாவது மற்றவளைப் பார்த்து, நான் சொன்னது தப்பு என்று வாயால் சொல்ல வேண்டாமா?

இரண்டாவது புத்தகத்தைத் தொட ஒரு மாதம் ஆயிற்று. சாகப்போகிறவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை செய்த நர்ஸ் எழுதியது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. வேண்டுமென்றே அனுப்பியிருக்கிறாய் என்று உன்மேல் கோபம் வந்தது. படிக்கப் படிக்க நர்ஸம்மாமேல் வந்தது. நோயாளியிடம் உண்மையை மறைக்காதீர்கள் என்பதுதான் அவர் சொல்வதெல்லாம். குடும்பத்தார் மறைக்கிறார்கள், அந்தம்மா பேசி மனதை மாற்றுகிறார், நோயாளி நிம்மதியாகக் கண்ணை மூடுகிறார், எல்லா அத்தியாயத்திலும் அவருக்கே ஜெயம். சொன்னதால் ஒரு மனுஷன் உடைந்துபோனது முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட நடக்கவில்லையா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று டாக்டர் நம் இரண்டு பேரையும் தனியே கூப்பிட்டுச் சொன்ன அன்று, அப்பாவுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று நீ நின்றாய், அல்சர் என்று சொன்னால் போதும் என்று நான் நின்றேன். வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், "நீ வாயத் தொறந்தே, அப்புறம் எனக்குப் பொண்ணே இல்ல" என்றேன். நீ வாயைத் திறக்கவில்லை. பதினோரு வாரத்தில் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுமாதம் நீ நியூசிலாந்து வேலையை ஒத்துக்கொண்டாய்.

புத்தகத்தைக் கிளாரன்ஸ் அங்கிளுக்குக் கொடுத்தேன். அப்பாவோடு ஒரே ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர், கடைசி நாட்களில் தினமும் வந்து பேப்பர் படித்துக் காட்டியவர், நர்ஸம்மாவைத் திட்ட எனக்கு ஓர் ஆள் சேருவார் என்றுதான் கொடுத்தேன். போன மாதம் ஒரு சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் அப்பா பேரைச் சொல்லி, "சிஸ்டர், குணாவுக்குத் தெரியும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டாவது வாரமே ஃபைல எடுத்துப் படிச்சிட்டான். கிரேஸ் இவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கிறா, அந்தத் தெம்புலதான் நிக்கிறா, அத எடுத்துட்டா விழுந்துடுவா, நீயும் சொல்லாதேன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டான்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, நாலு வருஷம் மறைத்துவிட்டாரே என்று அங்கிள்மேல் கோபம்தான் வந்தது, ஆறிய காபியை அப்படியே வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள் அதே யோசனை. ஒரே அறையில் பதினோரு வாரம் படுத்திருந்தோம், கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பற்றிப் பேசினோம், என்ன கலர் என்றுகூட அப்பா சொன்னார். அது எனக்காகச் சொன்னது. ஒருநாள், ரூபி ஏதாவது கேட்டால் அவளைத் திட்டாதே என்றார், எதற்கு இப்போது அந்தப் பேச்சு, தூங்குங்கள் என்று நான்தான் அடக்கினேன். அன்றைக்கு அவரைப் பேச விட்டிருந்தால் இன்னும் என்ன சொல்லியிருப்பாரோ. உன்னிடம் என்ன சொல்லியிருப்பாரோ. அதை நான் அவரிடமிருந்தும் பிடுங்கினேன், உன்னிடமிருந்தும் பிடுங்கினேன். நர்ஸம்மா சொல்வது முழுக்கச் சரி என்று இப்போதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அன்றைக்கு நீ சொன்னது சரி. நான் உன்னைச் சொன்ன சொல் தப்பு. என்னை மன்னித்துக்கொள்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. மே மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கொஞ்ச நாள் பேசாமல்தான் இருந்தேன். கிளாரன்ஸ் அங்கிள் வந்துபோன பிறகுதான் டாக்டரிடம் போனேன், படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட் வாங்க இந்தத் திங்கட்கிழமை ஷில்பா துணைக்கு வந்தாள். டாக்டர் சின்ன வயசு, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொல்லி அவளை மட்டும் உள்ளே இருக்கச் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "நனகே ஹேளி, டாக்டர்" என்றேன். எனக்கே சொல்லுங்கள் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார். புற்றுநோய்தான், இரண்டாம் கட்டம், ஆகஸ்ட் ஆறாம் தேதி ஆபரேஷன், அப்புறம் கீமோ, குணமாக நல்ல வாய்ப்பிருக்கிறதாம். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்குத் தேவையாக இருந்தது. அப்பாவுக்கும் தேவையாக இருந்திருக்கும்.

உன் வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம், ஷில்பா பார்த்துக்கொள்வாள் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். அது பொய். எனக்குப் பயமாக இருக்கிறது ரூபி. வா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பாஸ்போர்ட் எந்த மாதம் முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார், போன தடவை கடைசி நேரத்தில்தான் பார்த்தாய். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

உன்மேல் அன்பு குறையாத,
அம்மா
கிரேஸ் குணசேகர்