முழங்கை பட்ட இடம்

மார்ச் 4, செவ்வாய்
பரிசோதனைக்கூடத்திலிருந்து கடிதம். ரத்த மாதிரிகளைச் சுற்றிப் பிரிக்கும் என் புது சென்ட்ரிஃப்யூஜை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய எந்திரத்தையே ஓட்டுகிறார்களாம். மூன்று வருஷ உழைப்பு. சத்தம் பாதிதான். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பூட்டும் மூடி, விரல் மாட்டிக்கொள்ள வழியே இல்லை. இன்னும் என்ன வேண்டுமாம் இவர்களுக்கு?

மேனேஜர் சொல்லிவிட்டார்: "ஆறு வாரம் டைம். அவங்க ஒத்துக்கலைன்னா இந்த டிசைனைக் கைவிட்டுடலாம்."

மார்ச் 5, புதன்
கோபம் ஆறவில்லை.

மார்ச் 7, வெள்ளி
நேரிலேயே போய்விட்டேன். அங்கே மூத்த டெக்னீஷியன், எல்லோருக்கும் அவர் அக்கா. ஒரு ஸ்டூலைக் காட்டி, "உட்கார்ந்து பேசாம பாருங்க" என்றார். என்னைப் போய்ப் பேசாமல் இருக்கச் சொல்கிறார்! பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு முறைகூட அவருக்கு இரண்டு கையும் காலியாக இல்லை. ஒரு கையில் அடுத்த டியூப் தட்டு, இன்னொன்றில் சீட்டு. பழைய எந்திரத்தின் மூடியில் வலது முன்னோரம் மட்டும் பெயிண்ட் போய் வெறும் தகடு தெரிந்தது.

"எதுலயாவது இடிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. பதினோரு வருஷமா முழங்கையாலதான் மூடறோம். உங்க மெஷினுக்கு தட்டைக் கீழ வெச்சு, கையைக் காலி பண்ணி... ஒரு நாளைக்கு நாப்பது தடவை யாரால முடியும்?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது இங்கே வந்து உட்கார்ந்தேனா நான்?

மார்ச் 9, ஞாயிறு
வீட்டில் எல்லோருடைய முழங்கை உயரமும் அளந்தாயிற்று. கணவருக்கு 109 சென்டிமீட்டர், மாமியாருக்கு 94. "சட்டை தைக்கத்தான் அளவெடுக்கறேன்னு நெனச்சேன், மெஷினுக்கா?" என்று மாமியாருக்குப் பொய்க்கோபம். அவருடைய இரண்டு கையிலும் தட்டைக் கொடுத்து, அட்டைப்பெட்டியின் மூடியைப் பத்து முறை மூடச் சொன்னேன். பத்து முறையும் அதே வலது ஓரம். பதினோராவது முறை கேட்டதற்கு, தட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 20, வியாழன்
புதுப் பூட்டு. அந்த வலது ஓரத்தில் முழங்கையால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். கடைசி நான்கு மில்லிமீட்டரை — விரல் நுழையாத இடைவெளி — உள்ளே ஒரு சின்ன மோட்டார் இழுத்துப் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்பு குறையவில்லை.

இரண்டு கை மூடியின் வரைபடத்தை நானே கிழித்தேன். வலித்தது, பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 2, புதன்
இருபதாவது தடவை பூட்டலை. அழுகையா வருது. எனக்கு எதுக்கு இந்த வேலை — பேசாம கணக்கு டீச்சரா போயிருக்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்
பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான்! மாற்றிவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்
ஐயாயிரம் தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, எந்திரத்தைப் பரிசோதனைக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அக்கா பாராட்டவெல்லாம் இல்லை. "இருக்கட்டும், பார்க்கலாம்" என்றார். பழையது பக்கத்திலேயே நிற்கிறது. மேனேஜரைக் கெஞ்சி இன்னும் ஆறு மாதம் வாங்கியிருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்
ஒரு தகவலும் இல்லை. போன் செய்து நச்சரிக்கக் கூடாது என்று கணவர் தடை போட்டிருக்கிறார்.

அக்டோபர் 17, வெள்ளி
மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "உங்க மெஷின் மேல கம்ப்ளெயின்ட்." கடிதத்தைப் பிடுங்கிப் பிரித்தேன். அக்கா எழுதியிருந்தார்:

"மூடியில் வலது முன்னோரம் பெயிண்ட் போய்விட்டது. ஆறு மாதம்கூடத் தாங்காதா? நாங்கள் கேட்டிருக்கும் மற்ற இரண்டு எந்திரங்களுக்காவது நல்ல பெயிண்டாக அடிக்கவும்."

நான் சிரித்த சிரிப்பில் மேனேஜர் பயந்துவிட்டார். "இதுல சிரிக்க என்னங்க இருக்கு?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை பெயிண்ட்காரரிடம் பேச வேண்டும். புது எந்திரங்களுக்கு நல்லதாகவே அடிக்கட்டும். அந்த முதல் எந்திரத்தின் ஓரத்தில் மட்டும் அவரைக் கை வைக்க விடமாட்டேன்.