அப்பாவின் பல் செட்டும் மைக் செட்டும்

அன்பு மகள் சொச்சத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவும் சுகம்தான், ஆனால் இந்தக் கடிதமே அவரைப் பற்றியது என்பதால் அவருடைய சுகத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போனில் பேசுவதும் கடையில் மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்றுதான். மாடியில் நான் குசுகுசுவென்று பேசினாலும் கீழே கடையில் வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருக்கிற மனிதருக்குக் கேட்டுவிடுகிறது. மற்றதெல்லாம் வயதானாலும் அந்தக் காதுக்கு மட்டும் வயதாகவில்லை. அதனால்தான் அவர் சாமான் ஏற்றிக்கொண்டு வெளியே போன நேரம் பார்த்து, சமையல் மேடையிலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன தடவை பேசும்போது நீ அழுதது என்னால் தாங்கவே முடியவில்லை. "அப்பா என்னைத் தலைமுழுகிட்டாராம்மா, என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலைன்னா சொல்லச் சொல்லு, நான் லீவுக்கு வரவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, அடுப்பில் வைத்த பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்து அண்ணி வந்து துடைத்தாள். நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் குளிக்கிறார், தூங்குகிறார், கடையில் ஆள் வந்திருக்கிறது என்று நான் சொன்னதெல்லாம் பொய்தான், ஒரு மனிதர் இத்தனை தடவையா குளிப்பார் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். ஆனால் நீ நினைக்கிற காரணமும் சரியில்லை கண்ணு. செட் விஷயத்தில் நீ கேலி செய்துவிட்டாய், அந்தக் கோபத்தில்தான் அவர் போனுக்கே வருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லவே இல்லை.

முதலில் அந்தச் செட்டை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நீ கொடுத்த வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பது உனக்குத் தெரியவேண்டும். வேலை முடிந்து மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிற உன் பெரிய பிள்ளைகள், தச்சர், சமையல்காரர், பஸ் ஓட்டுகிறவர், பிள்ளை பார்த்துக்கொள்கிற அம்மா, எல்லோரும் செட் என்ற ஒரே சொல்லைக் கண்ட இடத்தில் போடுகிறார்கள், அதற்கு எத்தனை அர்த்தம், எங்கே போடலாம் எங்கே கூடாது என்று பாடம் எடுக்கப்போகிறேன், நம் வீட்டில் எப்படியெல்லாம் சொல்கிறீர்கள் என்று காது கொடுத்துக் கேட்டுச் சொல் என்றாய். கேட்டேன். நாமா இத்தனை தடவை சொல்கிறோம் என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. உன் அண்ணன் பணிமனையிலிருந்து வந்ததும் ஸ்பேனர் செட்டில் பத்தாம் நம்பரைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாக்கினான், எப்போது பார்த்தாலும் அந்தப் பத்தாம் நம்பருக்குத்தான் கால் முளைக்கும். அண்ணி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள், "மூணு செட் பண்ணினேன் அத்தை, கையத் தூக்க முடியல" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பாத்திரத்தை எனக்கு விட்டுவிட்டாள். குழந்தை கணக்கு நோட்டில் வட்டம் வட்டமாகப் போட்டு அதற்குள் பழம், பந்து, பூனை எல்லாம் வரைந்து இதுவும் செட் என்கிறான், அதை மூடி வைத்துவிட்டுத் தன் சிநேகிதப் பிள்ளைகள் செட்டோடு விளையாட ஓடிவிடுகிறான். எதிர்க்கடைத் தையல்காரர் மேலும் கீழும் செட்டாக எடுத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவருடைய மச்சினிக்குப் பார்த்த வரன் செட்டாகவில்லையாம், அது பெயர்ச்சொல் இல்லையம்மா என்று நீ தள்ளிவிடுவாய் என்று தெரிந்தும் சொன்னேன், தள்ளிவிட்டாய்.

நீயும் பொறுமையாகத்தான் விளக்கினாய். ஒன்றோடு ஒன்று சேர வேண்டிய சாமான்கள் ஒன்றாக இருந்தால் அது செட், டென்னிஸில் ஆட்டத்தின் ஒரு பகுதி செட், சினிமா எடுக்கப் போட்ட பொய் வீடு செட், டிவியும் செட், உடற்பயிற்சியில் அண்ணி சொன்னதும் சரி என்றாய். டீ செட்டைப் பற்றி நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? ஆறு கோப்பையில் ஒன்றை அப்பா உடைத்துவிட்டார், இப்போது ஐந்துதான், அது முழு செட் இல்லையம்மா என்றாய். உன் பாடத்துக்கு அது சரியாக இருக்கலாம், நான் அலமாரியைத் துடைக்கும்போது ஐந்தையும் எடுத்து வைத்துவிட்டு ஆறாவதின் இடத்தையும் சேர்த்துத்தான் துடைக்கிறேன். எனக்கு அது செட்தான்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. "மைக் செட்டுன்னு இங்க யாருமே சொல்லமாட்டாங்கம்மா, அப்பா கடை போர்டே தப்பு" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், எழுந்து கீழே போய்விட்டார். அப்பா எங்கே என்று நீ கேட்டபோது எழுந்து போய்விட்டார் என்று நானும் சொல்லிவிட்டேன், உனக்கு அது கோபமாகத் தெரிந்ததில் தப்பில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில்தான் அவருக்குப் புதுப் பல் செட் மாட்டினார்கள் கண்ணு. பாக்கி இருந்த நாலு பல்லையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறிய பிறகு, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியமே வாங்கிவிட்டார், பழகிவிட்டுத் தானே சொல்கிறேன் என்றார். நீ சிரித்ததும் அவரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், மேல் செட் கழன்று கீழ் செட்டின்மேல் டொக்கென்று விழுந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டுதான் எழுந்து போனார். அதில் கோபத்துக்கு எங்கே இடம்?

மற்றவர்களுக்குப் பல் போனால் சாப்பாட்டுக் கவலை. இவருக்குப் பேச்சுக் கவலை. விளையாட்டு விழாவில் யார் முந்துகிறார்கள் என்று சொல்வதும், கூட்டத்தில் காணாமல்போன பிள்ளைக்கு அம்மாவைத் தேடித் தருவதும், யார் வண்டி வழியை மறிக்கிறது என்று கூப்பிடுவதும் அவர்தானே. மைக் செட்டை வாடகைக்கு எடுக்கிறவர்கள் பாதிப் பேர் இந்தக் குரலுக்காகத்தான் வருகிறார்கள் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை, நான் அதைத் தட்டிவிட்டதில்லை. இப்போது மைக்கை விழா நடத்துகிறவர் கையில் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். பல் டாக்டர் உன் வயதுப் பெண், நல்ல சிரிச்ச முகம். "நாக்கு புது வீட்டுக்குக் குடி வந்திருக்கு, எது எங்க இருக்குன்னு தெரிய கொஞ்ச நாள் ஆகும், சத்தமா வாசிச்சுப் பழகுங்க" என்றாள். இவர் கேட்டால்தானே. தினமும் படுக்கப் போகும்போது அதைக் கழற்றி என் தேநீர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைக்கிறார், காலையில் அரைத் தூக்கத்தில் டம்ளரை எடுத்தால் அது என்னைப் பார்த்து இளிக்கிறது. இரண்டு தடவை அலறியாகிவிட்டது. அண்ணி எனக்கு மூடி போட்ட கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

மற்ற எழுத்தெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டார், ச மட்டும்தான் மல்லுக்கு நிற்கிறது. உன் பெயர்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். இனிமேல் பிள்ளை இல்லை என்று நாங்கள் முடிவு கட்டிய பிறகு வந்து பிறந்தாய் என்று அவர் ஆசையாக வைத்த பெயர், அதைச் சொல்லப்போனால் முதல் எழுத்தில் விசில் அடிக்கிறது, நடுவில் செட் நழுவுகிறது. வேறு எப்படியாவது கூப்பிட்டுப் பேசுங்களேன், அவளுக்கு ஒரு நல்ல பெயரும் இருக்கிறதே என்றேன். முறைத்தார். "அவளை அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா யாரோ மாதிரி இருக்கும், எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துருவா" என்றார். அவருடைய மைக் டெஸ்ட் உனக்கு மறந்திருக்காது. ஊரெல்லாம் ஒன் டூ த்ரீ சொல்லும், இவர் உன்னை மைதானத்தின் கடைக்கோடிக்கு ஓடவிட்டு, "சொச்சம், கேக்குதா?" என்பார், நீ அங்கிருந்து கையைத் தூக்கிக்கொண்டு "கேக்குதுப்பா" என்று கத்துவாய். நீ வேலைக்கென்று அவ்வளவு தூரம் போன பிறகும் அவர் அதையே சொல்லித்தான் மைக்கைச் சோதித்தார், பதில் வராது என்று தெரிந்தும். பல் மாட்டிய நாளிலிருந்து விரலால் தட்டிப் பார்க்கிறார்.

இப்போது நடந்ததைக் கேள். நீ அழுததை நான் அவரிடம் மறைக்கவில்லை, லீவுக்கு வரமாட்டாளாம் என்றும் சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போய்விட்டது. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கரை ரிப்பேர் பார்த்து, சத்தம் சரியாக வருகிறதா என்று மாடிக் கம்பியில் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார். மறுநாள் காலையில் அதைச் சோதித்தார், பாட்டு போட்டார், நிறுத்தினார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் குரல் எப்படி இருக்கிறது என்று தன் காதாலேயே கேட்கவேண்டும் என்று, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மேலே குழாய் இன்னும் மாட்டியபடியே இருந்தது அவருக்கு நினைவில்லை. மைக்கை அணைத்துவிட்டு வம்பு பேசுங்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனிதர்!

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தெருவே அதிர "சொச்சம்" என்று கேட்டது, விசிலோடு. நிறுத்தி மறுபடி "சொச்சம்". ஆறேழு தடவை. பிறகு போனில் பேசுகிற மாதிரியே ஆரம்பித்துவிட்டார். "அப்பாதாம்மா பேசுறேன். கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. போர்டு தப்புன்னா தப்புதான், நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா. எனக்கு நாக்கு திரும்ப மாட்டேங்குது, அவ்ளோதான். உன் பேரு வாயில வரல, அதான் பேசல. நீ வராம இருந்துராத. சொச்சம், கேக்குதா?" மடித்த துணியெல்லாம் கீழே விழ நான் படியிறங்கி ஓடினேன். கண்ணீர் கண்ணை மறைத்ததில் கடைசிப் படியைத் தவறவிட்டுக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, பெரிதாக ஒன்றுமில்லை, நீ பயப்படாதே. அதற்குள் தெருவில் கூட்டம். மருந்துக் கடைக்காரர், பேக்கரி அம்மா, காய் வாங்க வந்தவர்கள் எல்லாம் கடை வாசலில். தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு முன்னால் நின்று, அவ்வளவு சந்தோஷமாக, "பொண்ணு வந்திருக்காங்களா?" என்று கேட்டார். அந்தப் பெயரைக் குழாயில் கேட்டு நாளாகிவிட்டதால், பெயர் காதில் விழுந்ததுமே மற்றதைக் கேட்காமல், நீ வந்து இறங்கிவிட்டாய் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள்.

உன் அப்பா ஹெட்போனைக் கழற்றி ஷட்டரைத் தூக்கினார், கூட்டத்தைப் பார்த்தார், நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பேக்கரி அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரல் அப்படியேதான் இருக்கிறது அண்ணே என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பாட்டு நேரத்துக்கு மேலே வந்தவர் முதன்முறையாக வாயைப் பொத்தாமல் சாப்பிட்டார், ஊருக்கே தெரிந்த பிறகு யாரிடம் மறைப்பது என்று எனக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் என் சுளுக்கு வலி பாதி குறைந்துவிட்டது. போர்டையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். உன் பாடத்தில் நம் கடையைத் தப்புக்கு உதாரணமாகத் தாராளமாகச் சொல்லிக்கொள், போர்டு அப்படியே இருக்கட்டும்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே உன்னைக் கூப்பிடுவதாக ஏற்பாடு, கடிதம் வந்ததும் எனக்கு ஒரு மணி அடித்துவிடு, கிடைத்தது என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சத்தியத்தை மீறியது என்னோடு இருக்கட்டும். லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, நாளை என்று தள்ளாதே. கூந்தலை ஈரத்தோடு முடியாதே, வகுப்பு முடிந்து தனியாக நடந்து வராதே, யாரோடாவது சேர்ந்து வா. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடந்து, நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்கவேண்டும் என்று அண்ணன் அண்ணியோடு சேர்ந்து வாழ்த்துகிறேன். குழந்தை அத்தைக்கு ஒரு பூனை வரைந்து கொடுத்திருக்கிறான், உள்ளே வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அவர் கூப்பிடும்போது போனை எடுத்ததும் நீ முதலில் பேசாதே. விசில் அடிக்கும், டொக்கென்றுகூடக் கேட்கும். பொறுமையாக இரு. அவர் உன்னைக் கூப்பிட்டு, அந்தக் கேள்வியையும் கேட்டு முடிக்கட்டும். கேட்டு முடித்ததும், எங்கே நின்றாலும் சரி, பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, மைதானத்தின் கடைக்கோடியிலிருந்து கத்துவாயே, அதே மாதிரி சத்தமாகச் சொல். "கேக்குதுப்பா."

உன் குரலுக்குக் காத்திருக்கிற
அம்மா